லீவர் மெஷின்ல எஸ்பிரெஸோ இழுக்கக் கத்துக்கிட்டவங்க உங்க கதையச் சொல்லுங்க, மொதல்ல நான் பட்ட பாடு

கோயமுத்தூர்ல இருந்து எழுதறேனுங்க. எட்டு மாசம் முன்னாடி கையால அழுத்தற லீவர் மெஷின் ஒண்ணு வாங்கினேன். பாய்லர் கெடையாது, பம்ப் கெடையாது, கரண்டே வேண்டாம், கெட்டில்ல தண்ணி கொதிக்க வச்சு சிலிண்டர்ல ஊத்தி லீவர அமுக்கணும், அவ்ளோதான். வீடியோல பாக்கறப்ப தேன் வடியற மாதிரி வடியும். எனக்கு மொத நாள் வந்தது உடைஞ்ச பைப்பு மாதிரி, எட்டே செகண்ட்ல 60 கிராம். வாயில வச்சா புளி கரைச்ச தண்ணி.

நான் என்ன நெனச்சேன்னா கையில பலம் பத்தல, இன்னும் அமுக்கணும்னு. அமுக்க அமுக்க இன்னும் வேகமா ஓடுது, நான் மேடை மேல சாஞ்சு முழு உடம்பையும் போட்டு அமுக்கறேன், அப்பா பேப்பர் படிச்சிட்டு இருந்தவர் எட்டிப் பாத்து "என்னப்பா செக்கு ஆட்டறியா"ன்னு கேட்டுட்டுப் போறார். இப்படியே ஒரு மாசம். அப்புறந்தான் மண்டைல ஏறுச்சு, அழுத்தங்கறது நம்ம கையில இருந்து மட்டும் வர்றதில்ல, தூள் எதிர்த்து நிக்கறதுலதான் வருது. தூள் எதிர்க்கலைன்னா பீமனே வந்து அமுக்கினாலும் அழுத்தம் காட்டற கேஜ் முள்ளு 3 பார தாண்டாது, பார்ங்கறது அழுத்தத்த அளக்கற அளவு.

அப்ப தப்பு கிரைண்டர்ல. என்கிட்ட இருந்த கை கிரைண்டர் பிரெஞ்சு பிரஸ்ஸுக்கெல்லாம் அருமையா இருக்கும், எஸ்பிரெஸோவுக்குப் போனா ஒரு கிளிக்ல, அதாவது தூள நைஸா பெருசா ஆக்கற திருகோட ஒரு படில, ஆறா ஓடும், அடுத்த கிளிக்ல சொட்டு வராது, நடுவுல நிக்க எடமே இல்ல. கடைசில மெஷின் வெலைக்கு கிட்டத்தட்ட சமமா இன்னொரு கிரைண்டர் வாங்கினேன், ஒரு கிளிக்குக்கு பத்து மைக்ரான் பக்கம் நகர்ற மாதிரி. பழசக் குடுத்து மாத்திக்கிட்டேன்னு வீட்ல சொல்லிருக்கேன், யாரும் போட்டுக் குடுத்துராதீங்க.

அடுத்து சூடு. தண்ணி 90-லருந்து 96 டிகிரிக்குள்ள தூளத் தொடணும்ங்கறாங்க. சிலிண்டர் கனமான ஸ்டீலு, கொதிக்கற தண்ணிய ஊத்தினா பாதிச் சூட்ட அதுவே குடிச்சிருது, தெர்மாமீட்டர விட்டுப் பாத்தா 81. கெட்டில் வாய் மேல வச்சு ஆவி காட்டுனா போதும்னாங்க, என் கெட்டில் வாய்ல அது நிக்காது. அப்புறம் பாத்தேன், தெனமும் காலைல அடுப்புல இட்லி குண்டா ஆவி பறக்க உக்காந்துதான இருக்கு, ஒரு குழில மாவு ஊத்தாம விட்டு அதுல சிலிண்டர வச்சு அஞ்சு நிமிஷம். அம்மாவுக்கு ஆகவே இல்ல, "இதுக்கும் ஒரு ஈடு வைக்கணுமா"ன்னு ரெண்டு நாள் பேசல. ஆனா அன்னைக்குத்தான் புளிப்பு பாதி கொறஞ்சுது.

மீதி இருந்தத கண்டுபுடிக்கத்தான் ரொம்ப நாளாச்சு. கசப்பு வேற துவர்ப்பு வேறங்க, நமக்கு ரெண்டுக்கும் தனித்தனி வார்த்தை இருந்தும் நான் எல்லாத்தையும் கசப்புன்னே நோட்டுல எழுதி வச்சிருந்தேன். கசக்குதேன்னு தூள பெருசாக்குவேன், புளிக்கும், மறுபடி நைஸாக்குவேன், நாக்கு பாக்கு மென்ன மாதிரி ஆயிரும். புளிப்பும் துவர்ப்பும் ஒரே கோப்பைல வந்தா சேனலிங், அதாவது தண்ணி தூள் முழுக்க எறங்காம ஒரு சந்து கண்டுபுடிச்சு அது வழியாவே ஓடுது, அந்தச் சந்துல இருக்கற தூளு அளவுக்கு மேல பிழிஞ்சு துவர்க்குது, மத்த தூளு பாதி வெந்த மாதிரி புளிக்குது. இதுக்கு கிளிக்க மாத்தி பிரயோஜனமே இல்ல. ஒரு கார்க்குல நாலஞ்சு மெல்லிசு ஊசியக் குத்தி தூள அடிவரைக்கும் கெளறி கட்டி ஒடச்சு, அப்புறம் நேரா டேம்ப் பண்ணுனேன், அதான் தூள சமமா அமுக்கி விட்டேன், பாதி பிரச்சன அங்கயே போச்சு.

இப்ப 16 கிராம் தூள் போட்டு 32, 34 கிராம் காபி எடுக்கறேன். மொதல்ல 2, 3 பார்லயே புடிச்சு மொத சொட்டு வர்ற வரைக்கும் காத்திருப்பேன், அப்புறம் 8-க்கு ஏத்தி, கடைசில கைய தளர்த்தி 5 வரைக்கும் எறக்கி விட்ருவேன். இதுல கேஜ விட கைதான் முன்னாடி சொல்லுது. லீவர் திடீர்னு ஒரு இஞ்ச் வழுக்குனாப்ல எறங்குச்சுன்னா உள்ள சந்து விழுந்திருச்சுன்னு அர்த்தம், முள்ளு எறங்கறதுக்குள்ள கைக்குத் தெரிஞ்சிரும், உடனே தளர்த்துனா சில சமயம் ஷாட்ட, அதான் அந்தக் கோப்பை எஸ்பிரெஸோவ, காப்பாத்தலாம். வழுக்காம வெண்ணெய்ல கத்தி எறங்கற மாதிரி எறங்குச்சுன்னா குடிச்சுப் பாக்கவே வேணாம். உங்க கதையும் போடுங்க.

———

டொரோண்டோவில இருந்து எழுதுறன் அண்ணை. என்ர மிஷின் உங்கட மாதிரி இல்லை, பொயிலர் உள்ள பழைய இத்தாலி லீவர், பழைய சாமான் விக்கிற ஆள் ஒருத்தரிட்ட வாங்கினனான். வாஷர் எல்லாம் காய்ஞ்சுபோய்க் கிடந்தது, ஒரு கிழமையா இருந்து கழட்டி மாத்தினன். ரெண்டாவது நாள் தூள் கனக்க நைஸாப் போச்சுது, லீவர் இறங்குதே இல்லை, ஒரு துளியும் வரேல்லை. சரி கழட்டிப்போட்டுத் திரும்பப் போடுவம் எண்டு தூள் போட்டு மாட்டுற கைபிடியைத் திருப்பினன். உள்ளுக்க அழுத்தம் அப்பிடியே நிக்குது எண்டு இந்த மண்டைக்கு விளங்கேல்லை. படார் எண்டு ஒரு சத்தம், குசினிச் சுவர், ஃப்ரிட்ஜ், சீலிங், என்ர சேர்ட் எல்லாம் கோப்பித்தூள், மேல நித்திரையில இருந்த மனுசி என்னவோ வெடிச்சுப்போச்சுது எண்டு ஓடி வந்தா. கை அவியாதது ஆற்றையோ புண்ணியம். இதுக்கு ஆக்கள் தும்மல் எண்டு பேர் வச்சிருக்கினம், பேரைக் கேட்டா சின்ன விசயம் மாதிரித்தான் இருக்கும். அடைச்சா லீவரை விட்டுட்டு ரெண்டு மூண்டு நிமிசம் பொறுங்கோ, பிறகு கொஞ்சமாத் தளர்த்தி காத்தைப் போகவிட்டுத்தான் கழட்ட வேணும்.

உங்களுக்குச் சூடு காணாது, எனக்கு மற்றப் பக்கம். முதல் ஷொட் புளிக்கும், ரெண்டாவது திறம், மூண்டாவது கருகின மாதிரி வரும், ஏனெண்டா பொயிலர்ச் சூடு மெதுவா குரூப்புக்கு, அதுதான் கைபிடி மாட்டுற தலைப்பகுதிக்கு, ஏறி வந்திடும். விருந்தாளியள் நாலு பேர் வந்தா நாலாவது ஆளுக்குத் தேத்தண்ணிதான். இப்ப ஈரத் துவாயைக் குரூப்பில சுத்திச் சூட்டை இறக்கிப்போட்டு அடுத்ததை இழுக்கிறன்.

———

ப்ரோ ஒரு டவுட்டு. வீட்ல 80-20 சிக்கரி கலந்த பில்டர் காபித்தூள்தான் இருக்கு, அத இதுல போட்டா வருமா? கொட்ட வாங்கி அரைக்கறதுக்கெல்லாம் பொறுமை இல்ல.

———

மேல கேட்டவருக்கு: நான் போட்டுப் பாத்துருக்கேன், அனுபவஸ்தன் சொல்றேன், வேணாம். சிக்கரி தண்ணில நல்லா கரையற சாமான், சூடு பட்டதும் பாகு மாதிரி ஆயி தூளோட ஒட்டிக்கும். பில்டர்ல டிகாக்ஷன் நின்னு நெதானமா எறங்குதே, அதுல சிக்கரிக்கும் பங்கு இருக்கு, அங்க ராத்திரி பூரா டைம் இருக்கறதால ஒண்ணும் தெரியாது. இங்க முப்பது செகண்ட்தான். எனக்கு பசை மாதிரி நாலு சொட்டு வந்துச்சு, தூள் போடற சல்லடைக் கூடைய கழுவ இருபது நிமிஷம் ஆச்சு.

———

சென்னைல ஒரு கஃபேல ரெண்டு வருஷம் வேல பாத்தேன், அங்க இருந்தது ஸ்பிரிங் லீவர், அதனால என் கத கொஞ்சம் வேற. அதுல நாம அமுக்கறது இல்லைங்க, லீவர கீழ இழுக்கறப்ப ஸ்பிரிங் சுருங்கும், தண்ணி உள்ள வரும், விட்டா ஸ்பிரிங்கே பிஸ்டன தள்ளும். ஆரம்பத்துல 9 பார் பக்கம், ஸ்பிரிங் விரிய விரிய தானா எறங்கும். தலைவர் கையால கடைசில தளர்த்துறேன்னு சொல்றாரே, அத ஸ்பிரிங் சும்மாவே பண்ணுது.

9 பார்னா சும்மா நம்பர்னு நெனைக்காதீங்க, 58 மில்லிமீட்டர் கூடைக்கு கணக்குப் போட்டா தூள் மேல 240 கிலோ ஒக்காந்த மாதிரி, 25 கிலோ அரிசி சிப்பம் கிட்டத்தட்ட பத்து. அதுதான் அந்த ஸ்பிரிங்குக்குள்ள சுருண்டு இருக்கு. தூள் எதிர்த்து நின்னா லீவர் நிதானமா மேல வரும். எதிர்க்க ஒண்ணும் இல்லைன்னா? ஒரு நாள் காலைல கூட்டம், கூட வேல பாத்த பையன் கூடைல தூள் போட மறந்துட்டு மாட்டி இழுத்துட்டான், பாதில கைய எடுத்தான், லீவர் வந்து தாடைல அடிச்சு மூணு தையல். அன்னைல இருந்து நான் யாருக்குச் சொல்லிக் குடுத்தாலும் காபி பத்தி அப்புறம்தான், மொதல்ல மூஞ்சிய லீவருக்கு நேரா வைக்காத, மேல பாதி வர்ற வரைக்கும் கைய எடுக்காத, இதுதான்.

ஷாட் "இழுக்கறது"ன்னு இங்கிலீஷ்காரன் சொல்றதே இந்த லீவர்ல இருந்து வந்ததுதான். அதுக்கு முன்னாடி இத்தாலில நீராவிய வச்சு ஒண்ணு ஒன்றர பார்லதான் காபி போட்டுட்டு இருந்தாங்க, மேல நுரையே இருக்காது. மிலான்ல அக்கில்லே கஜ்ஜியான்னு ஒருத்தர் 1938-ல பேட்டன்ட் போட்டாரு, நடுவுல போர் வந்துருச்சு, அது முடிஞ்சு 1948 வாக்குல ஸ்பிரிங் லீவர் மெஷின் வந்தப்பதான் காபி மேல க்ரெமா நின்னுச்சு. அது என்ன நுரைன்னு சந்தேகப்பட்டவங்களுக்காக இது காபியோட இயற்கையான க்ரீம்தான்னு விளம்பரம் பண்ண வேண்டியிருந்துச்சாம். நம்ம ஊர்ல நுர இல்லைன்னாதான் சண்ட.

———

இவ்ளோ கஷ்டம் எதுக்கு, பித்தள பில்டர்ல ராத்திரி போட்டுட்டு தூங்குனா காலைல டிகாக்ஷன் ரெடி. சும்மா கேக்கறேன்.

———

மறுபடியும் நாந்தானுங்க. பில்டர்காரருக்கு பதில் என்கிட்ட இல்ல, எங்க அம்மாவும் இதேதான் கேக்கறாங்க. தாடைல அடி வாங்குன கதைய படிச்சதும் கைபிடில இருந்து என் கை எடுக்க மாட்டேங்குது, என்னோடதுல ஸ்பிரிங்கே இல்லைன்னாலும்.

ஒரு விஷயம் கேக்க விட்டுப்போச்சு. ஆடி பொறந்ததுல இருந்து இங்க பாலக்காட்டுக் கணவாய்க் காத்து, ஈரம் ஜாஸ்தி, போன வாரம் 26 செகண்ட்ல எறங்குன அதே கொட்ட, அதே கிளிக், இப்ப 19-ல ஓடுது. ரோஸ்ட் பண்ணி பன்னண்டாவது நாள் தெறந்த சிக்மகளூர் அராபிகா, இப்ப முப்பது நாள் தாண்டிருச்சு, அதனால கொட்ட பழசானதா இல்ல காத்தா, எது காரணம்னு பிரிச்சுப் பாக்க முடியல. ரெண்டு கிளிக் நைஸாக்கி ஓட்டிட்டு இருக்கேன். டொரோண்டோ அண்ணை, உங்க ஊர்ல குளிர்காலத்துல ஹீட்டர் போட்டு காத்து வறண்டு போகுமே, அப்ப கிளிக் எந்தப் பக்கம் போகுது?

நேத்து அம்மா டபரால பால் காய்ச்சி எடுத்துட்டு வந்து என் ஷாட்ட அதுல கவுத்து ரெண்டு ஆத்து ஆத்தி குடிச்சாங்க. "டிகாக்ஷன் கெட்டியாத்தான் இருக்கு, சக்கர பத்தல"ன்னாங்க. இட்லி குண்டால குழி கேட்டா இப்ப திட்றதில்ல, ஆனா சிலிண்டர அவங்களே தொடச்சுக் குடுத்தாத்தான் உள்ள வைக்கணுமாம்.