நான்கு பாத்திக் கோதுமை வளராமல் நிற்கிறது, நாளை இரவுக்குள் வேண்டும் (மைன்கிராஃப்ட் விளையாட்டு, கூட்டு சர்வர்)

வரப்போரம் | வியாழன், இரவு 8.10

அவசரம். செவ்வாய் இரவு நான்கு பாத்தி கோதுமை விதைத்தேன். இன்று வியாழன். அன்று பார்த்த அதே பச்சை முளைதான், ஒரு விரற்கடை கூட உயரவில்லை. தண்ணீர் இருக்கிறது, மண் கறுத்து ஈரமாகத்தான் இருக்கிறது, பந்தங்களும் நட்டிருக்கிறேன். இதற்கு முன்பிருந்த வயலில் ஒரே மாலையில் அறுவடைக்கு வந்துவிடும். விதையும் அதே விதைதான். நாளை இரவு எங்கள் சர்வரில் 6 பேர் நெதர் என்ற பாதாள உலகத்துக்குப் போகிறார்கள். 100 ரொட்டி தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான் வாள் பிடிப்பதில்லை. அந்த சர்வரில் என் வேலையே இதுதான். இதில் தவறினால் அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது. என்ன செய்யலாம்?

தேன்கூடு | 8.16

தேனீ வைத்திருக்கிறீர்களா? மகரந்தம் சுமந்து கூட்டுக்குத் திரும்பும் தேனீ, வழியில் பயிருக்கு மேல் பறந்தால் அந்தப் பயிர் ஒரு நிலை வளர்ந்துவிடும். வயலோரம் இரண்டு கூடு, சுற்றிலும் பூ. என் வயலை அப்படித்தான் காப்பாற்றினேன்.

ஆறாம்விரல் | 8.19

விளையாட்டின் எந்த வகை, ஜாவாவா, பெட்ராக்கா? பதிப்பு எண் என்ன? பாத்தி எத்தனைக்கு எத்தனை? தண்ணீர் எத்தனை பிளாக் (கட்டம்) தள்ளி இருக்கிறது? இதையெல்லாம் சொல்லாமல் ‘வளரவில்லை’ என்று மட்டும் சொன்னால் யார்தான் என்ன சொல்ல முடியும்?

நிலாமுற்றம் | 8.22

விளையாட்டுக்குள் எல்லாரும் ஒன்றாகப் படுத்து எழுந்து பாருங்கள். இரவு கடந்தால் பயிரும் ஒரு நாள் வளர்ந்திருக்கும்.

வரப்போரம் | 8.31

ஜாவா 1.20.1. ஒவ்வொரு பாத்தியும் 9க்கு 9, நடுவில் ஒரு பிளாக் தண்ணீர். ஆக ஒரு பாத்திக்கு 80 செடி, எல்லாமே கோதுமை. மூன்று இரவு எல்லாரும் படுத்து எழுந்தாயிற்று, பயனில்லை. தேனீ இல்லை, முன்பும் இருந்ததில்லை.

மூத்தகுடி | 8.44

தம்பி, இந்தக் கேள்விக்கு நானே பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். பழைய இழைகளைப் படித்துவிட்டு வருவது நல்ல பழக்கம். இருந்தாலும் சொல்கிறேன்.

முதலில் நிலாமுற்றம் சொன்னதை மறந்துவிடுங்கள். படுக்கை கடிகாரத்தைத்தான் தள்ளிவைக்கும், பயிரைத் தொடாது. 16க்கு 16க்கு 16 என்ற ஒவ்வொரு துண்டிலும், ஒரு டிக்குக்கு, அதாவது விளையாட்டுக் கடிகாரத்தின் ஒரு துடிப்புக்கு, 3 பிளாக்குகளை விளையாட்டு குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கிறது. தேர்வான செடிக்குத்தான் வளர வாய்ப்பு. நொடிக்கு 20 டிக். கணக்குப் போட்டால் ஒரு செடியின் முறை சராசரியாக 68 நொடிக்கு ஒருமுறை வரும். தாண்டிப்போன இரவுக்கு அந்த முறைகளை யாரும் ஈடுகட்டுவதில்லை.

இனி உங்கள் தவறு. பாத்தி முழுக்க ஒரே பயிர். நாலாபக்கமும் அதே பயிர் நின்றால் வளரும் வேகம் பாதியாகிவிடும். ஈரமான நிலத்தில் ஒரு வரிசை கோதுமை, ஒரு வரிசை கேரட் என்று மாற்றி நட்டால், முறை வரும்போது 3இல் 1 வாய்ப்பு. உங்களைப் போல் அடைத்து நட்டால் 6இல் 1. முளையிலிருந்து கதிர்வரை 7 ஏற்றம். முதல் முறையில் சராசரி 24 நிமிடம், உங்கள் முறையில் 48 நிமிடம். பிடுங்கிவிட்டு மாற்றி நடுங்கள். வேறு மருந்து கிடையாது.

ஆறாம்விரல் | 8.52

ஐயா, உங்கள் கணக்கில் பிழையில்லை. ஆனால் அதிகம் போனால் 48 நிமிடம் என்பது ஒன்றரை மணி நேரமாகும். இவர் இரண்டு நாளாகக் காத்திருக்கிறார். பாதி வேகத்தில் வளர்வது வேறு, வளராமலே நிற்பது வேறு. பிடுங்கச் சொல்லாதீர்கள்.

வரப்போரம், எஃப்3 அழுத்தி ஒரு செடியை உற்றுப் பாருங்கள். திரையின் வலப்பக்கம் ‘ஏஜ்’ என்று ஒரு வரி வரும். 0 என்றால் முளை, 7 என்றால் முற்றிய கதிர். பத்துச் செடி பார்த்துச் சொல்லுங்கள்.

வரப்போரம் | 9.05

பார்த்தேன். 1, 0, 2, 1, 1, 3, 0, 2, 1, 2. மண்ணைப் பார்த்தால் ஈரம் 7 என்று காட்டுகிறது. இரண்டு நாளும் மாலை முழுக்க ஆன்லைனில்தான் இருந்தேன், ஒவ்வொரு நாளும் 4 மணி நேரத்துக்குக் குறையாமல்.

கல்தச்சன் | 9.08

சர்வர் நடத்துபவரிடம் ரேண்டம் டிக் வேகத்தை, அதாவது மூத்தகுடி சொன்ன அந்தத் தேர்வின் எண்ணிக்கையை, 3இலிருந்து 30 ஆக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

மூத்தகுடி | 9.13

கூடாது. அது உங்கள் வயலுக்கு மட்டும் பொருந்தும் விதி அல்ல, உலகம் முழுமைக்கும். யாரோ ஒருவரின் கரும்பு, கொடி, புல் எல்லாமே பத்து மடங்கு வேகத்தில் ஓடும். எட்டுப் பேர் வாழும் உலகில் ஒருவர் ரொட்டிக்காக இயற்கையைத் திருகுவதா?

ஆற்றங்கரை | 9.20

அந்தப் பத்து எண்களை மறுபடி பாருங்கள். 0 முதல் 3 வரை கலந்திருக்கிறது. அப்படியானால் நட்ட அன்று வளரத் தொடங்கியிருக்கிறது, பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நின்றிருக்கிறது. மூத்தகுடி சொன்ன 6இல் 1 கணக்குப்படி ஒரு நிலை ஏற ஏறக்குறைய 7 நிமிடம். சராசரி 1.3 நிலை என்றால் ஏறக்குறைய ஒன்பது நிமிடம்.

வரப்போரம், செவ்வாய் இரவு விதைத்து முடித்தபின் வயலில் ஏறக்குறைய பத்து நிமிடம் இருந்துவிட்டுக் கிளம்பினீர்களா? அப்புறம் அந்த 4 மணி நேரமும் எங்கே இருந்தீர்கள்?

வரப்போரம் | 9.27

ஆம், பந்தம் நட்டு வேலி அடைத்துவிட்டுக் கிளம்பினேன், பத்து நிமிடம் இருக்கும். அப்புறம் சந்தைக்கு வந்துவிட்டேன். என் கடை அங்கேதான். பழைய வயல் கடைக்குப் பின்னால் இருந்தது. அந்த இடத்தில் ஒருவர் குதிரை லாயம் கட்டக் கேட்டார், விட்டுக்கொடுத்துவிட்டு ஆற்றோரம் புது வயல் போட்டேன். சந்தையிலிருந்து 600 பிளாக் இருக்கும். இன்று அறுக்கப் போனேன், இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இது முக்கியமா?

ஆற்றங்கரை | 9.34

அதுதான் முழுக் காரணம். நீங்கள் ஆன்லைனில் இருப்பது பயிருக்குப் போதாது, பக்கத்தில் இருக்க வேண்டும். உங்கள் 1.20.1 பதிப்பில், ஓர் ஆளிலிருந்து கிடைமட்டமாக 128 பிளாக்குக்குள் இருக்கும் நிலத்தில்தான் அந்த குருட்டாம்போக்குத் தேர்வு நடக்கும். அதற்கு வெளியே உள்ள வயல் நீங்கள் விட்டுவந்த நொடியிலேயே உறைந்து நிற்கும்.

பழைய வயல் ஒரே மாலையில் விளைந்ததற்குக் காரணம் விதையோ மண்ணோ அல்ல. சந்தையில் எப்போதும் யாராவது இருந்தார்கள். மிளகாய் விலை பேச வந்தவரும் கூரை வேய்ந்தவரும் தெரியாமலே உங்கள் வயலுக்குக் காவல் இருந்தார்கள்.

ஃபோர்ஸ்லோட் கட்டளை போடச் சொல்லி யாராவது வருவார்கள். இந்தப் பதிப்பில் அது நிலத்தை நினைவில் வைத்திருக்கும், ஆனால் ஆள் இல்லாமல் பயிரை வளர்க்காது.

ஆறாம்விரல் | 9.36

மைன்கிராஃப்டில் மிளகாய் கிடையாது, ஆற்றங்கரை.

ஆற்றங்கரை | 9.37

சரிதான். பீட்ரூட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேன்கூடு | 9.41

தேனீ இருந்திருந்தால் தூரத்தில் இருந்தும்...

ஆறாம்விரல் | 9.43

இல்லை. ஆள் இல்லாத இடத்தில் தேனீயும் அசையாது.

கல்தச்சன் | 9.50

அப்படியானால் எளிது. இன்றிரவு வயல் நடுவில் நின்றபடி விளையாட்டைத் திறந்துவைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் அறுத்துக்கொள்ளலாம்.

நிலாமுற்றம் | 9.55

தயவுசெய்து வேண்டாம். எங்கள் சர்வரில் ஒருவர் இதையே வழக்கமாக்கினார். அங்கே எல்லாரும் படுத்தால்தான் இரவு விடியும் என்ற இயல்பான விதி, அதை யாரும் மாற்றவில்லை. அவர் ஒருவர் சிலைபோல நின்றதால் மற்ற அனைவரும் இரவு முழுக்கக் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கல்தச்சன் | 10.02

அது விதியைச் சரிசெய்யாத சர்வர் நடத்துபவரின் தவறு. 1.17இலேயே எத்தனை சதவீதம் பேர் படுத்தால் போதும் என்று மாற்றும் வசதி வந்துவிட்டது. மாலை முழுக்கக் கல் சுமந்து கோபுரம் கட்டுகிறவன் நான். ஒருவர் அசையாமல் நிற்பது யாருக்கு என்ன நட்டம்?

மூத்தகுடி | 10.09

ஆள் இல்லாத ஆள் விளையாடுகிறார் என்று எப்படிச் சொல்வது? நிற்கும் ஒவ்வொருவரைச் சுற்றியும் சர்வர் உலகத்தை இயக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பளு கூடினால் நொடிக்கு 20 டிக் என்பது குறையும், அப்போது எல்லார் பயிரும் மந்தமாகும். வேளாண்மை செய்கிறேன் என்பவர் வயலில் இருந்து வேலை செய்ய வேண்டும்.

கல்தச்சன் | 10.15

விளையாட்டே இயக்கும் கிராமவாசியை வைத்துத் தானியங்கி வயல் நடத்துகிறவர்களையும் அப்படிச் சொல்வீர்களா? உங்கள் பழைய இழையிலேயே அதற்கு வரைபடம் இருக்கிறது.

மூத்தகுடி | 10.21

அது வேறு. அதை வடிவமைத்தவன் உழைத்திருக்கிறான்.

ஆற்றங்கரை | 10.30

இந்த வாதத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள், இவருக்கு நாளை இரவு கெடு.

வரப்போரம், ரொட்டிக்கு 3 கோதுமை, 100 ரொட்டிக்கு 300. உங்களிடம் 320 செடி நிற்கிறது, கணக்கு சரியாக இருக்கிறது. எதையும் பிடுங்காதீர்கள். நாளை கடையை மூடிவிட்டு வயலிலேயே இருங்கள். கிடங்கு கட்டுங்கள், பக்கத்து ஆற்றில் மீன் பிடியுங்கள், 128ஐத் தாண்டாதீர்கள். பாதி வேகத்திலும் ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி முற்றிவிடும். பின்தங்கும் சில செடிகளுக்கு மட்டும் எலும்புத் தூள் போடுங்கள், ஒரு முறைக்கு 2 முதல் 5 நிலை ஏறும். அதற்காக உரத்தொட்டியில் விதையைக் கொட்டாதீர்கள், ஒரு தூளுக்கு 20 விதைக்கு மேல் போய்விடும். எலும்பு இருந்தால் ஒன்றுக்கு மூன்று தூள்.

அடுத்த நடவில் மூத்தகுடி சொன்னபடி வரிசை மாற்றி நடுங்கள், அது நல்ல யோசனைதான்.

நிலாமுற்றம் | வெள்ளி, மாலை 6.05

என்ன ஆயிற்று? கிளம்பிவிட்டார்களா?

வரப்போரம் | வெள்ளி, இரவு 9.48

மன்னிக்கவும், இப்போதுதான் வர முடிந்தது. ஒன்றேகால் மணி நேரம் வயலில் இருந்தேன். 291 அறுத்தேன், மீதிக்கு எலும்புத் தூள் போட்டேன். நூறாவது ரொட்டியைப் பெட்டியில் வைத்தபோது நெதர் வாசலில் நின்று ஆறு பேரும் என் பெயரைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் நன்றி. லாயம் கட்டியவர் தன் கொட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு பாத்திக்கு இடம் தருகிறார். கேரட் விதைக்கப் போகிறேன்.