மேற்கு ஜன்னலுக்கு என்ன செடி?

குழு: திருச்சி வீடு
ஞாயிற்றுக்கிழமை

*அம்மா, காலை 7.12:* எல்லாரும் எந்திரிச்சாச்சா? பின் தெருவுல நேத்து ராத்திரி ஒரு வீட்டு ஜன்னல் வழியா கொக்கி மாட்டுன குச்சிய விட்டு போன், கைப்பை ரெண்டையும் இழுத்துட்டுப் போயிட்டானாம். கம்பி வளையல, பூட்டு உடையல. கரண்ட் இல்லேன்னு ஜன்னலத் தொறந்து வச்சுட்டுப் படுத்திருக்காங்க, அவ்வளவுதான்.

*அண்ணன்:* யாருக்கும் ஒண்ணும் ஆகலையேம்மா?

*அம்மா:* ஆகல. நல்ல தூக்கத்துல இருந்திருக்காங்க. காலைலதான் பாத்திருக்காங்க. 100க்குப் போன் போட்டு போலீஸும் வந்துட்டுப் போச்சு.

*நான்:* நம்ம படுக்கையறை மேற்கு ஜன்னலும் சந்துப் பக்கம்தானே. அப்பா அந்தத் திண்டுலதான் போன் சார்ஜ் போடுவாரு. வண்டிச் சாவியும் பக்கத்து ஆணியிலதான் தொங்கும்.

*அப்பா:* ரெண்டையும் ஹாலுக்கு மாத்தியாச்சு. ஜன்னலுக்குக் கீழ வரிசையா சப்பாத்திக்கள்ளி வைக்கப் போறேன். ஒருத்தன் கிட்ட வர முடியாது.

*அம்மா:* லீவுக்குப் பேத்தி வந்தா அங்கதான் பந்து உருட்டுவா. கள்ளியெல்லாம் வேணாம்.

*சித்தி காரைக்குடி:* அத்தான், சப்பாத்திக்கள்ளியில பெரிய முள்ள விடப் பொடி முள்ளுதான் தொல்லை. கண்ணுக்கே தெரியாது, தோல்ல ஏறிட்டா குத்திக்கிட்டே இருக்கும். மத்த கள்ளியோட பாலு கண்ணுல பட்டா இன்னும் மோசம். அரளியும் வச்சுராதீங்க, இலையிலேருந்து வேர் வரைக்கும் விஷம். முள்ளுதான் வேணும்னா சாப்பிடுற செடியாவே வைக்கலாமே. கீழ களாச்செடி, கம்பிக்குத் தூதுவளை.

*நான்:* தூதுவளை கொடிதானே சித்தி? அது என்ன காவல் காக்கும்?

*சித்தி காரைக்குடி:* ஒரு தடவை வெறுங்கையால பறிச்சுப் பாரு, தெரியும். தண்டெல்லாம் வளைஞ்ச முள்ளு, இலைக்கு அடியில நரம்புலயும் முள்ளு. கைய உள்ள விடுறது சுலபம், வெளிய இழுக்கும்போது சட்டையப் பிடிச்சுக்கும். நான் கத்தரியால காம்போட வெட்டி, இலையத் திருப்பி முள்ள நறுக்கிட்டு, நெய்யில வதக்கித் துவையல் அரைப்பேன். சளி பிடிச்சா ரசம். எங்க வீட்டுப் பின்பக்க ஜன்னல்ல வருஷக்கணக்கா இருக்கு. ஊதாப் பூவும் சிவப்புப் பழமுமா பாக்கவும் அழகா இருக்கும்.

*அம்மா:* ஆமாம்மா, நம்ம அப்பத்தா வீட்டு வேலியிலயும் படர்ந்து கிடக்குமே.

*பெரிய மாமா:* மாப்ள, செடி அப்புறம். முதல்ல ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துக்கிட்டுப் போயி, அந்த ஜன்னல் கிரில்லோட அடிப்பட்டையை நல்லா அழுத்திக் குத்திப் பாருங்க. முக்கியமா சிமெண்டுக்குள்ள இறங்குற மூலைய. பாத்துட்டு போட்டோ போடுங்க.

*அப்பா, காலை 8.03:* (போட்டோ)

*அப்பா:* இடது மூலையில பெயிண்ட் தகடா உரிஞ்சு வருது. உள்ள செம்மண் மாதிரி துரு. ஸ்க்ரூடிரைவர் முனை உள்ள இறங்குது.

*பெரிய மாமா:* அதான் சொன்னேன். திண்டுல தொட்டி வச்சுத் தண்ணி ஊத்த ஊத்த, அந்தத் தண்ணி வழிஞ்சு மூலையிலதான் தேங்கும். மேல பாத்தா கிரில் கல்லாட்டம் நிக்கும், அடியில மக்கிப் போயிருக்கும். வெல்டிங் ஆளு வந்து மக்குன துண்ட வெட்டிட்டுப் புதுசு வைக்கட்டும். துருவச் சுத்தமா சுரண்டி ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, காஞ்சதும் எனாமல் ரெண்டு கோட்டு. திண்டுக்கு வெளிப்பக்கம் சரிவா சிமெண்ட் பூசிட்டா தண்ணி நிக்காது. திண்டு மேல இனிமே தொட்டியே கூடாது.

*அம்மா:* அண்ணே, அந்த ரோஜாத் தொட்டிய எங்க வைக்க?

*பெரிய மாமா:* சுவத்த விட்டுத் தள்ளி ஒரு இரும்பு ஸ்டாண்டுல வைம்மா. வெயிலும் நல்லா படும். இன்னொண்ணு, மாப்ள. அந்தக் கிரில் சுவத்துல பதிச்சதா, ஸ்க்ரூ அடிச்சதா?

*அப்பா:* பதிச்சதுதான். சமையலறை ஜன்னல் மட்டும் வெளிப்பக்கம் ஸ்க்ரூ.

*பெரிய மாமா:* வெளியில ஸ்க்ரூன்னா எவன் வேணா கழட்டிருவான். ஆளு வரும்போது ஸ்க்ரூத் தலை மேல ஒரு புள்ளி வெல்டு வச்சு அடைச்சுரச் சொல்லுங்க. கம்பிக்குக் கம்பி இடைவெளி நாலு இன்ச்சுக்கு மேல இருந்தா நடுவுல ஒரு கம்பி சேத்துக்கங்க. 12 எம்எம் சதுரக் கம்பி, உள்ள கெட்டியா இருக்கணும். குழாய்க் கம்பிய ரம்பம் வச்சு ஒரு நிமிஷத்துல அறுத்துருவான்.

*அண்ணன்:* கிரில் சரியா இருந்தாலும் குச்சி உள்ள வருமே மாமா. அதுக்குக் கொசுவலை போட்டா?

*பெரிய மாமா:* பிளாஸ்டிக் வலைய பிளேடால கிழிச்சுருவான். ஸ்டீல் வலையா, சட்டத்துல அடிச்சுப் போடணும். கொசுவுக்கும் ஆச்சு, கொக்கிக்கும் ஆச்சு.

*நான்:* அப்போ செடிக்கு இதுல வேலை என்ன?

*பெரிய மாமா:* ஜன்னல் கிட்ட நிம்மதியா நிக்க விடாது, அதான் வேலை. குச்சிய விட்டுத் துழாவுறதுக்குக் கொஞ்ச நேரம் நிக்கணும்ல? காலடியில முள்ளுச் செடி, அதைச் சுத்தி முக்கால் இன்ச் ஜல்லி ரெண்டு கூடை கொட்டி வச்சா நடந்தா சத்தம் கேக்கும். நிக்க எடமில்லேன்னா அடுத்த வீட்டப் பாத்துப் போயிருவான். கம்பிய வெட்டுறவனை செடி தடுக்காது, அதுக்குக் கிரில்தான்.

*சித்தி காரைக்குடி:* அண்ணன் சொல்றது சரி. ஆனா செடிய உசரமா விட்டுறக் கூடாது அத்தான். எங்க பக்கத்து வீட்டுல செம்பருத்தி ஜன்னல் மறைக்க வளந்து நின்னுச்சு. பின்னாடி ஒரு ஆள் உக்காந்தா தெருவுலேருந்து தெரியாது. திண்டு உசரத்துக்கு மேல போக விடாம கவாத்து பண்ணிக்கிட்டே இருக்கணும். களாச்செடி வெட்ட வெட்ட அடர்த்தியாகும், முள்ளு ஜோடி ஜோடியா விறைச்சுக்கிட்டு நிக்கும். வெட்டும்போது பால் வடியும், பழைய சட்டை போட்டுக்கங்க. விதைக் கன்னு மூணாவது வருஷம் காய்க்க ஆரம்பிக்கும். பிஞ்சா பறிச்சா ஊறுகாய், பழுத்தா புள்ளைங்க அப்படியே திங்கும்.

*அப்பா:* எலுமிச்சையும் முள்ளுதானே? காய் தினமும் ஆகுமே.

*சித்தி காரைக்குடி:* அது மரம் அத்தான். வளந்துட்டா மாடிக்கு ஏற அதுவே படி. முன்வாசல்ல வைங்க, சுவத்த ஒட்டி வேணாம்.

*அம்மா:* முருங்கையும் சுவத்த ஒட்டித்தான் நிக்குது, மழைக்காலத்துல கம்பளிப்பூச்சி வேற. பாம்பு வருமோன்னும் பயமா இருக்கு. அடர்த்தியா செடி வச்சா உள்ள என்ன கிடக்குன்னு தெரியாதே.

*சித்தி காரைக்குடி:* அக்கா, செடிக்கு அடியில ஒரு சாண் உசரம் வரைக்கும் கிளையை எடுத்துரு. தரை தெரியணும். சருகு சேர விடாதே. எலி இல்லாத எடத்துக்குப் பாம்பு சும்மா வராது.

*பெரிய மாமா:* சுவத்துலேருந்து ரெண்டடி தள்ளிக் குழி எடுங்க. ஒட்டி வச்சா சுவரு ஓதம் அடிக்கும், உள்பக்கம் பெயிண்ட் உப்பிக்கிட்டு வரும். தூதுவளைக்குக் கிரில்லையே பந்தலாக்க வேணாம். கிரில்லுக்கு வெளிய அரையடி தள்ளி ரெண்டு கம்பம் நட்டுக் கயிறு கட்டுங்க. பெயிண்ட் அடிக்கணும்னா பந்தலோட சாச்சுக்கலாம். பாதி ஜன்னல் வரைக்கும் படர்ந்தா போதும். மேற்கு வெயிலும் குறையும், சித்திரை வைகாசியில வித்தியாசம் தெரியும்.

*அண்ணி, காலை 9.20:* நான் இப்பதான் பாக்குறேன். எங்க பால்கனி கிரில்லயும் கொடிப்பசலையும் பிரண்டையும் விட்டிருக்கேன் அத்தை. (போட்டோ)

*அம்மா:* அழகா இருக்கும்மா! பிரண்டைத் துவையல் அரைச்சியா?

*அண்ணி:* ரெண்டு தடவை அரைச்சேன் அத்தை. நார் உரிச்சு, நல்லெண்ணெயில நல்லா வதக்கி, புளி கூட வச்சா நாக்கு அரிக்கல.

*பெரிய மாமா:* போட்டோவுல வலது பக்கம் கிரில்ல ஒரு சின்னக் கதவு தெரியுதே, அதுக்கு முன்னாடி என்னம்மா அவ்வளவு தொட்டி?

*அண்ணி:* அது எப்பவும் பூட்டியே இருக்குற கதவு மாமா. எடம் சும்மா கிடக்கேன்னு வச்சேன்.

*பெரிய மாமா:* இன்னிக்கே எடுத்துருங்க. வாசப்பக்கம் தீப்பிடிச்சுப் புகை சூழ்ந்தா நீங்க வெளிய வர அந்தக் கதவு ஒண்ணுதான். தீயணைப்புக்காரங்க ஏணி வச்சாலும் அங்கதான் வைப்பாங்க. 20 லிட்டர் தொட்டியில மண் நனைஞ்சா 30 கிலோவுக்கு மேல இருக்கும். புகையில கண்ணு தெரியாம, கையில குழந்தைய வச்சுக்கிட்டு அதை யாரு நகத்துறது? கொடியையும் அந்தக் கதவுல சுத்த விடாதீங்க. பூட்டுக்கு மாசம் ஒரு தடவை எண்ணெய் விட்டுத் தொறந்து மூடிப் பாக்கணும்.

*அண்ணன்:* சாவி எங்க இருக்குன்னு எனக்கே தெரியல மாமா. இப்பவே தேடுறேன்.

*நான்:* சாவியக் கதவுக்குப் பக்கத்துலயே மாட்டிரலாமா?

*பெரிய மாமா:* பக்கத்துல மாட்டுனா அதே கொக்கிக் குச்சி அதையும் எடுத்துரும். வெளியிலேருந்து குச்சி எட்டாத பக்கச் சுவத்துல, உள்ள இருக்குறவங்க இருட்டுலயும் தடவி எடுக்குற மாதிரி ஒரே எடத்துல மாட்டணும். வீட்டுல எல்லாருக்கும் அந்த எடம் தெரிஞ்சிருக்கணும், குழந்தைக்கும்.

*அண்ணன், காலை 9.48:* சாவி கிடைச்சுது. டிவிக்கு அடியில டிராயர்ல. பூட்டு தொறக்கல, எண்ணெய் விட்டிருக்கேன். தொட்டி எல்லாம் இடது பக்கம் மாத்தியாச்சு.

*அண்ணி:* மாமா, கிரில் குறுக்குக் கம்பியில வரிசையா சின்னத் தொட்டி மாட்டியிருக்கேன். அது பரவாயில்லையா?

*பெரிய மாமா:* குறுக்குக் கம்பியே படிக்கட்டு மாதிரிதான் குழந்தைக்கு. தொட்டி எட்டிப் பாக்க ஏறுவா. வெளிப்பக்கம் மாட்டுனதை உள்ள கொண்டு வந்துருங்க, கீழ நடக்குறவங்க தலையில விழுந்தா என்ன ஆகும்? தென்னை நார்க்கழிவு பாதி கலந்தா எடையும் குறையும்.

*அம்மா:* தட்டுல நிக்கிற தண்ணியையும் வாரம் ஒரு தடவை கொட்டிக் கழுவிரும்மா. டெங்குக் கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடும்.

*அண்ணி, காலை 10.31:* வெளித் தொட்டி எல்லாம் உள்ள வந்தாச்சு மாமா. கதவும் இப்ப தொறக்குது. (போட்டோ)

*பெரிய மாமா:* நல்லதும்மா. ரொம்ப நிம்மதி.

*அப்பா:* அப்போ நம்ம வீட்டுக்கு முடிவு இதான். மேற்கு ஜன்னலுக்குக் கீழ களாச்செடி மூணு, பந்தல்ல தூதுவளை. சமையலறை ஜன்னல் வடக்குப் பக்கம், வெயில் குறைவு. அங்க?

*சித்தி காரைக்குடி:* அங்க வெத்தலைக்கொடி வைங்க அத்தான். நிழலும் ஈரமும் அதுக்குப் பிடிக்கும். முள்ளு கிடையாது, அதனால அண்ணன் சொன்ன அந்த ஸ்க்ரூ வேலைய மட்டும் விட்டுறாதீங்க.

*நான்:* மாடிக்குப் போற குழாய்? பைப்பப் பிடிச்சு ஏறலாமே.

*அப்பா:* அது தெக்கால நல்ல வெயில்ல இருக்கு. காகிதப்பூ ஒரு செடி வச்சுப் பைப்பச் சுத்தி விடலாம்னு நினைக்கிறேன். பிளம்பருக்கு ஒரு பக்கம் வழி விட்டு.

*பெரிய மாமா:* நல்ல யோசனை மாப்ள. எங்கயாவது ஊருக்குப் போனா ஸ்டேஷன்லயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, ரோந்து வரும்போது பாத்துக்குவாங்க.

*சித்தி காரைக்குடி:* அக்கா, நான் புதன்கிழமை திருச்சி வரேன். தூதுவளை வேர்க்குச்சி நாலு, களா நாத்து மூணு ஈரச்சாக்குல சுத்தி எடுத்துட்டு வரேன்.

*அம்மா:* வா வா. ரசத்துக்கு இலையும் தனியா பறிச்சுட்டு வந்துரு.

*பெரிய மாமா:* வெல்டிங் ஆளு செவ்வாய்க்கிழமை வரேன்னுட்டான். சிமெண்டும் பெயிண்டும் காயணும். நாத்து வந்தா ரெண்டு நாள் முருங்கை நிழல்ல வச்சுட்டு, வெள்ளிக்கிழமைக்கு மேல நடுங்க.

*அப்பா:* சரி. குழி இன்னிக்குச் சாயந்திரமே எடுத்து எரு போட்டு வச்சுர்றேன்.