டை-டவுன் ஆங்கருக்குத் தமிழில் என்ன பெயர்?

ஹூஸ்டனிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை என் பிக்கப்பில் சரக்கு ஏற்றுகிற பின்தொட்டியில் நான்கு டை-டவுன் ஆங்கர்களை நானே பொருத்தினேன். சரக்கைப் பட்டை போட்டு இழுத்துக் கட்டும்போது பட்டையின் முனையை மாட்டுகிற பிடிகள் அவை. வண்டி பழையது, தொட்டி ஸ்டீல். கம்பெனி கொடுத்த கொக்கிகள் நான்கும் மேல்விளிம்பை ஒட்டி இருக்கின்றன. உயரமான ஃப்ரிட்ஜை ஏற்றினால் அவை போதும். குட்டையான ஜெனரேட்டரை ஏற்றினால் பட்டை மேல்நோக்கி இழுக்கிறது, அடிப்பாகம் ஒவ்வொரு திருப்பத்திலும் நழுவுகிறது. அதனால் தளத்தோடு படிகிற மாதிரி, ஆங்கில 'டி' வடிவ வளையம் கொண்ட நான்கை வாங்கினேன்.

ஊரில் சித்தப்பா மகன் பொலேரோ பிக்கப் வைத்திருக்கிறான். அவனுக்காகச் செய்முறையைத் தமிழில் எழுத உட்கார்ந்து, மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டேன். "பட்டையின் கொக்கியைத் தொட்டியின் கொக்கியில் மாட்டவும்." படித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு. தொட்டியில் நிலையாக இருப்பதற்குத் தனிப்பெயர் வேண்டும். என்ன சொல்லலாம்?

(பின்தொட்டி என்பதும் என் கைச்சரக்குதான். ஆங்கிலத்தில் அது 'பெட்', அகராதியை நம்பி முதலில் 'பிக்கப் படுக்கை' என்று எழுதியிருந்தேன். மனைவி பார்த்துவிட்டு, "யார் தூங்கப் போறா?" என்றாள்.)

சென்னையிலிருந்து:

வணக்கம். ஆங்கர் என்பதற்கு நங்கூரம் என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. எனவே 'கட்டு நங்கூரம்' எனலாம். நங்கூரம் கடலோடு ஒட்டிய சொல் என்று தயங்கினால் 'பிணைப்புப் புள்ளி' பொருத்தமாக இருக்கும். வளையம், கொக்கி, தண்டு என எந்த வடிவத்துக்கும் அது பொருந்தும் என்பது கூடுதல் வசதி.

திருச்செங்கோட்டிலிருந்து:

ஐயா சொன்ன இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை, மன்னிக்கவும். நங்கூரம் போடுவது கப்பலை நிறுத்த. இங்கே வண்டி ஓட வேண்டும், சரக்கு மட்டும் நிற்க வேண்டும். வேலையே தலைகீழ். பிணைப்புப் புள்ளியோ காகிதத்தில் இருக்கிற சொல். புள்ளியில் எவனும் கயிறு மாட்ட முடியாது. எந்த வடிவத்துக்கும் பொருந்தும் என்பதுதான் அதன் குறை. கேட்கிறவன் கண்ணில் ஒரு பொருளும் வந்து நிற்காது.

எங்கள் குடும்பம் லாரிக்குப் பாடி கட்டும் தொழிலில் இருந்தது. பக்கப் பலகைக்குக் கீழே வரிசையாக வளைத்த கம்பி வைப்போம், தார்ப்பாய்க் கயிறு மாட்ட. அது வாய் திறந்தது, அதனால் கொக்கி. தளத்தின் மூலையில் கம்பியை முழுதாக வளைத்து இரண்டு முனையையும் வெல்டு அடித்தால் அதற்கு எங்கள் பட்டறையில் காது என்று பெயர். "மூலைக்கு ஒரு காது வெச்சிரு" என்றால் புதிதாய்ச் சேர்ந்த பையனுக்கும் புரிந்துவிடும். அண்டாவுக்குக் காது உண்டு, ஊசிக்கும் உண்டு. பிடித்துத் தூக்குவதும், நூலோ கயிறோ நுழைவதும் காதில்தான். ஆகவே என் பரிந்துரை: கட்டுக்காது. வாய் திறந்தது கொக்கி, மூடியது காது. நண்பரின் மூன்றாவது வரி இப்போது "பட்டையின் கொக்கியைக் கட்டுக்காதில் மாட்டவும்" என்று ஆகிவிடும்.

இன்னொரு சொல்லையும் யோசித்தேன், கட்டுத்தறி. கம்பன் வீட்டுக் கட்டுத்தறி கவி பாடுமே, அதே தறிதான். மாட்டைக் கட்டுவதும் சரக்கைக் கட்டுவதும் ஒரே வேலை என்பதால் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தறி என்றால் நட்டு நிற்க வேண்டும். தொட்டித் தளத்தில் எதுவும் நட்டு நின்றால் மூட்டை கிழியும், ஏறி இறங்குகிறவன் முட்டி பெயரும். மனசில்லாமல் விட்டுவிட்டேன்.

சொல் இருக்கட்டும். நண்பரே, தகட்டுக்கு அடியில் என்ன வைத்தீர்கள்? வெறும் நட்டும் சின்ன வாசரும் மட்டும் என்றால் அந்தக் காது ஒருநாள் போல்ட்டோடு பிய்ந்து வரும். தொட்டித் தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். போல்ட்டு அறுவதற்கு முன்னால் துளை கிழியும். 3 மி.மீ. தகடு ஒன்றை உள்ளங்கை அளவுக்கு வெட்டி அடியில் கொடுங்கள். அதற்கும் தமிழில் பெயர் கேட்பீர்கள் என்று தெரியும். அணைத்தகடு என்று வையுங்கள், அணைத்துத் தாங்குவதால்.

சென்னையிலிருந்து:

'காது' சற்றுக் கொச்சையாகத் தொனிக்கிறதோ என்ற ஐயம் எனக்கு இன்னும் உண்டு. ஆனால் புணர்ச்சி சரி. வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும். கட்டுச்சோறு போல, கட்டுக்காது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

கட்டு என்று தொடங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது. கட்டுமரம் ஆங்கிலம் வரை போய் 'கட்டமரான்' ஆனதே, நல்ல ராசியான சொல். ஒரு சந்தேகம். காது என்றால் ஓட்டை இருக்க வேணும். சில டொயோட்டா, நிசான் பிக்கப்புகளில் தொட்டிச் சுவரோடு ஒரு தண்டவாளம் ஓடும், அதில் முடிச்சுப் போடுகிற குமிழை விரும்பிய இடத்துக்கு நகர்த்திப் பூட்டலாம். அதை என்னவென்று சொல்லுவது? அமெரிக்க வண்டிகளின் தொட்டிச் சுவர் மேலே சதுரமாகக் குழிகள் இருக்குமே, அவற்றுக்கும் ஒரு பெயர் சொல்லுங்கோ.

திருச்செங்கோட்டிலிருந்து:

சதுரக் குழிக்குச் சொல் ஏற்கெனவே பாதி இருக்கிறது. மாட்டுவண்டியின் இரண்டு பக்கமும் வரிசையாகச் செருகுவது முளைக்குச்சி. வைக்கோல் சரியாமல் அதுதான் பிடிக்கும். அமெரிக்க வண்டியின் குழியும் பக்கக் கட்டைகளைச் செருகத்தான். அதனால் முளைக்குழி.

நகர்த்துகிற குமிழைக் காதில் அடக்க வேண்டாம். ஓட்டை உள்ளதெல்லாம் காது, கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போடுவதெல்லாம் முளை. அது நகர்முளை. எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைக்கிற அவசரம் ஆங்கிலத்துக்கு இருக்கலாம், நமக்கு ஏன்?

ஹூஸ்டனிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. திருச்செங்கோட்டு அண்ணன் கேட்ட கேள்வி உறுத்தியது. உண்மையைச் சொல்கிறேன், வாசர் மட்டும்தான் போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வண்டிக்கு அடியில் படுத்தேன். பின்வலப்பக்கக் காதின் துளை ஓரம் அதற்குள் லேசாகப் பள்ளமாகியிருந்தது, விரல் வைத்தால் தெரிகிறது. ஒரே ஒரு தடவை ஜெனரேட்டர் ஏற்றியதற்கு! நான்குக்கும் அணைத்தகடு வெட்டிப் போட்டேன். அதிர்வில் தளராத நைலாக் நட்டுப் போட்டு முறுக்கினேன்.

தம்பிக்கு அனுப்பிய செய்முறையில் சொற்கள் உட்கார்ந்திருக்கும் இடங்களைப் பாருங்கள்:

"கட்டுக்காதைத் தளத்தில் வைத்துத் துளைகளைக் குறி. உடனே டிரில்லை எடுக்காதே, முதலில் அடியில் படுத்துப் பார். குறிக்கு நேர்கீழே டேங்க், பிரேக் குழாய், வயர் எதுவும் இருக்கக்கூடாது. குறுக்குச் சட்டம் இருந்தாலும் இடத்தைக் கொஞ்சம் நகர்த்து. சின்ன பிட்டால் தொடங்கிப் பெரிதாக்கு. துளை ஓரத்தின் பிசிறை அரத்தால் தேய், துருவைத் தடுக்கும் பிரைமரைத் தொட்டு வை. இரும்புத் தூளைக் கூட்டி எடு, விட்டால் ஒரே மழையில் தொட்டி முழுக்கத் துருப்புள்ளி விழும். காதுக்கு அடியில் சிலிக்கான் தடவிப் போல்ட்டை இறக்கு. கீழிருந்து அணைத்தகடு, வாசர், நட்டு."

பளு விஷயத்தில் கொஞ்சம் நீட்டி எழுதினேன். நான் வாங்கிய உறையில் இரண்டு எண்கள்: 400 பவுண்டு, 1200 பவுண்டு. பெரிய எண் அறுகிற பளு. நம்ப வேண்டியது சின்ன எண்ணை, அதற்குத் தாங்குபளு என்று எழுதியிருக்கிறேன். மூன்றில் ஒரு பங்காக வைப்பது வழக்கம். இங்கே வணிக லாரிகளுக்கான விதிப்படி, கட்டுகளின் தாங்குபளுவை எல்லாம் கூட்டினால் சரக்கின் எடையில் பாதியாவது வர வேண்டும். தலையில் வளையம் உள்ள கண் போல்ட்டை வாங்கி மாட்டிவிடலாம் என்று யாராவது நினைத்தால், அது நேராக இழுத்தால்தான் முழுப் பளுவையும் தாங்கும். 45 பாகை சாய்த்து இழுத்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். தொட்டியில் எந்தப் பட்டை நேராக இழுக்கிறது?

இங்குள்ளவர்களுக்கு இன்னொன்று. ஃபோர்டு எஃப்-150 தொட்டி 2015 மாடலிலிருந்து அலுமினியம். இரும்பு அணைத்தகட்டை அதோடு நேராகத் தொட விட்டால் ஈரம் பட்டதும் அலுமினியம் அரிக்கும். நடுவே ரப்பரோ பிளாஸ்டிக்கோ கொடுங்கள்.

தம்பியின் பதில் நேற்று ராத்திரி வந்தது. "அண்ணா, காது நாலும் வெச்சாச்சு. தகடு 3 மி.மீ. கிடைக்கல, பழைய லாரி பாடில இருந்து 4 மி.மீ. வெட்டிப் போட்டுட்டேன், பரவாயில்லையா?" கட்டுக்காது என்றால் என்ன என்று அவன் கேட்கவே இல்லை. முன்னொட்டை அவனே கழற்றிவிட்டான். 4 மி.மீ. தாராளம் என்று எழுதிவிட்டேன்.

பல்சக்கரப் பிடியால் இறுக்குகிற ராட்செட் பட்டைக்குச் சொல் இன்னும் பாக்கி. ஊரில் பெல்ட்டு என்றுதான் சொல்கிறார்களாம். நான் அதையே வைத்துக்கொள்கிறேன். சென்னை ஐயா கோபிப்பார்.