ரிலேட்டிவ் ஏஜ்: 'மாதமூப்பு' பொருந்துமா?

வணக்கம். பிள்ளைகளின் வயது, வளர்ச்சி பற்றிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் நம் உரையாடலில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> 'ரிலேட்டிவ் ஏஜ் எஃபெக்ட்' என்பதற்குச் சார்பு வயது விளைவு, 'ஏஜ் எக்விவலன்ட்' என்பதற்கு நிகர் வயது. இத்துடன் முடித்துக்கொள்ளலாமா?

சற்றுப் பொறுக்கலாம். 'சார்பு வயது' என்று படிக்கிறவர், பெற்றோரைச் சார்ந்து வாழும் வயது என்றே முதலில் எடுத்துக்கொள்வார். மக்கள்தொகைப் பாடத்தில் 'சார்ந்திருப்போர்' என்ற சொல் ஏற்கெனவே அந்தப் பொருளில்தான் புழங்குகிறது. 'நிகர் வயது' இன்னும் ஆபத்து. அச்சில் ஒரு புள்ளி விடுபட்டால் நிகர வயது. நிகர லாபம் போல, கழித்தது போக மிஞ்சிய வயது!

முதல் சொல்லான ரிலேட்டிவ் ஏஜ் எஃபெக்டை எடுத்துக்கொள்வோம், அதில்தான் விஷயம் அதிகம். ஒரே பிரிவுக்குள் சில மாதம் மூத்திருப்பதால் வரும் சாதகத்தைக் குறிப்பது அது. ஒரே வகுப்பில், ஒரே வயதுப்பிரிவு அணியில் இருக்கும் பிள்ளைகளுக்குள் ஏறக்குறைய ஓராண்டு வரை வயது இடைவெளி இருக்கும். கட்-ஆஃப் தேதி ஜனவரி 1 என்றால், ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஏட்டில் ஒரே வயது. ஐந்து வயதில் ஓராண்டு என்பது வாழ்ந்த காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பென்சில் பிடிப்பது, வரிசையில் நிற்பது, பந்தைப் பிடிப்பது எல்லாவற்றிலும் அது தெரியும். 1985இல் கனடாவின் ஐஸ் ஹாக்கி இளையோர் அணிகளை உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்ந்தோரும் பார்த்தபோது, ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்து கிடந்தார்கள். கடைசி மூன்று மாதக்காரர்கள் குறைவு. மூத்த பிள்ளை உயரமாக இருக்கிறான், தேர்வாகிறான், நல்ல பயிற்சியும் கூடுதல் ஆட்டமும் கிடைக்கின்றன. சில ஆண்டுகள் கழித்து அவன் உண்மையிலேயே சிறந்த ஆட்டக்காரனாகிவிடுகிறான். வயதில் தொடங்கியதைத் திறமை என்று எழுதிவிடுகிறோம்.

இது பிறந்த மாதத்தின் ராசிபலன் இல்லை என்பதற்கு நல்ல சான்று பெல்ஜியம் கால்பந்து. 1997இல் வயதுப்பிரிவின் கட்-ஆஃப் ஆகஸ்ட் 1இலிருந்து ஜனவரி 1க்கு மாற்றப்பட்டது. இளையோர் அணிகளில் சாதகமான மாதங்களும் ஆகஸ்டை விட்டு ஜனவரிப் பக்கம் நகர்ந்துவிட்டன. பிள்ளைகள் மாறவில்லை, தேதி மாறியது.

ஆகவே நமக்கு வேண்டிய சொல்லில் 'ஒரு தேதியிலிருந்து எண்ணி வரும் முன்பின்' என்ற கருத்து இருக்க வேண்டும். அந்தக் கருத்துக்குத் தமிழில் எல்லோர் வாயிலும் இருக்கும் சொல் பணிமூப்பு. பணியில் சேர்ந்த தேதிதான் அங்கே கணக்கு, வேலைத்திறன் கணக்கில் வராது. அதே வார்ப்பில் மாதமூப்பு என்று முன்மொழிகிறேன். ரிலேட்டிவ் ஏஜ் எஃபெக்ட், மாதமூப்பு விளைவு ஆகும். வகுப்பின் இரு முனைகளில் இருப்பவர்களை மாதமூத்தோர், மாத இளையோர் எனலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்காமல் எந்தச் சொல்லையும் ஏற்கக் கூடாது என்பது என் கட்சி. பார்ப்போம்:

'நான்காம் வகுப்பில் மாத இளையோர், மாதமூத்தோரைவிட 4 முதல் 12 சதமானம் (நூறு பேர் வரிசையில் அத்தனை இடங்கள்) வரை பின்தங்குகிறார்கள்; எட்டாம் வகுப்பிலும் இது முற்றிலும் மறைவதில்லை.' (பொருளியலாளர்கள் பெடார்டு, டூயி இருவரும் பல நாட்டுத் தேர்வுகளை வைத்து 2006இல் வெளியிட்ட முடிவு இது.)

'கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், டிசம்பரில் பிறந்த சிறுவர்கள் ஜனவரியில் பிறந்தவர்களைவிட 30 விழுக்காடு கூடுதலாகவும், சிறுமியர் 70 விழுக்காடு கூடுதலாகவும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று கண்டறியப்பட்டார்கள். மருத்துவர் மாதமூப்பையும் கேட்டறிய வேண்டும்.' (2012 ஆய்வு.)

ஓடுகிறது என்றே நினைக்கிறேன். இரண்டாவது வாக்கியத்தில் 'சார்பு வயதையும் கேட்டறிய வேண்டும்' என்று போட்டுப் பாருங்கள். மருத்துவர் என்ன கேட்பார்?

மூப்பு என்றால் முதுமை, ஐந்து வயதுப் பிள்ளைக்கு மூப்பா என்று ஒருவர் கேட்டிருந்தார். மூத்த பிள்ளை, மூத்த அக்கா என்று சொல்கிற மொழியில் இது பெரிய தடை ஆகாது. கூட்டுச்சொல்லில் முன்னொட்டு பொருளைப் பிடித்து நிறுத்திவிடும்.

அடுத்தது, 'இந்த வயதில் இது வர வேண்டும்' என்ற எதிர்பார்ப்புக்கான சொல். 'வயது வரம்பு' வேலை விளம்பரங்களுக்குப் போய்விட்டது. பிள்ளைத்தமிழிலிருந்து 'பருவம்' எடுக்கலாம் என்ற யோசனை அழகானது. ஐந்தாம் மாதம் செங்கீரை (கை ஊன்றி ஆடுவது), ஒன்பதாம் மாதம் சப்பாணி (கைகொட்டுவது), ஓராண்டையொட்டி வாரானை (நடந்து வருவது) என்று குழந்தை செய்யும் செயலை வைத்தே காலத்தை வகுத்த மரபு நம்முடையது. இதற்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கில் ஒன்றுக்கொன்று முன்பின் முரண்படுவதும் எனக்குப் பிடித்தமான செய்தி, குழந்தைகளும் அப்படித்தானே! ஆனால் இன்று பருவம் என்றால் மழைப்பருவம், பருவத்தேர்வு, பருவமடைதல். மருத்துவக் குறிப்பில் இதை வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

இங்கே சொல் ஒற்றைப் புள்ளியைக் காட்டக் கூடாது என்பதே முக்கியம். உலக நலவாழ்வு நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கண்காணித்து 2006இல் தந்த கணக்கில், தானாக நடப்பது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். பிடிமானமின்றி உட்கார்வது 3.8 முதல் 9.2 வரை. கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே நடந்துவிட்ட குழந்தைகள் 4.3 விழுக்காடு. 'ஒரு வயதில் நடக்க வேண்டும்' என்று கட்டம் போட்டு அச்சடித்த அட்டையைப் பார்த்துப் பதறும் பெற்றோருக்கு இந்த அகலம்தான் தெரிய வேண்டும். ஆங்கிலத்தார் இதை ஜன்னல் என்கிறார்கள், நாமும் சாளரம் என்று போட வேண்டியதில்லை. புள்ளியியல் பாடத்தில் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையிலான அளவை வீச்சு என்று படித்திருக்கிறோம். வயதுவீச்சு என்றால் போதும். 'நடைக்கான வயதுவீச்சு 8.2 முதல் 17.6 மாதம்.' குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, வழக்கமாக இரண்டு வயது வரை, திருத்திய வயதை (பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணும் வயதை) வைத்தே இந்த வீச்சில் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதையும் வரையறையில் சேர்க்கலாம்.

'மனவயது' பற்றி. அறிவுத் தேர்வில் ஒரு பிள்ளை எந்த வயதினரின் மட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் அளவு இது. ஆசிரியப் பயிற்சி நூல்களில் வேரூன்றிவிட்டது, மாற்ற முயல வேண்டாம். ஆனால் நுண்ணறிவுத் தேர்வின் முன்னோடியான பிரெஞ்சு உளவியலாளர் பினே தம் அளவுகோலில் பேசியது வயதைப் பற்றி இல்லை, மட்டத்தைப் பற்றி. மனவயதைக் கால வயதால் வகுக்கும் யோசனை 1912இல் உளவியலாளர் ஸ்டெர்ன் சொன்னது. நூறால் பெருக்கிப் பரப்பியவர் 1916இல் டெர்மன். இந்த வகுத்தலில் ஒரு கோணல் உண்டு. ஆறு வயதுக் கணக்கைச் செய்யும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு 120, பதினொரு வயதுக் கணக்கைச் செய்யும் பத்து வயதுப் பிள்ளைக்கு 110. இருவரும் முந்தியது ஓராண்டுதான். 1939இல் வெக்ஸ்லர் வகுத்தலைக் கைவிட்டு, ஒத்த வயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்று பார்க்கத் தொடங்கினார். இன்றைய நுண்ணறிவு ஈவில் (ஐ.க்யூ.) வகுத்து வரும் ஈவே கிடையாது, பெயர் மட்டும் நிற்கிறது.

'எலும்பு வயது' இருக்கட்டும், மணிக்கட்டுப் படத்தைப் பார்த்து எலும்பைத்தான் அளக்கிறார்கள். 'பயோபேண்டிங்' என்பதற்கு முதிர்ச்சிவாரி அணிப்பிரிப்பு என்று எழுதுகிறேன். எதிர்பார்க்கப்படும் வளர்ந்த உயரத்தில் 85 முதல் 90 விழுக்காட்டை எட்டிய சிறுவர்களை, பிறந்த ஆண்டைப் பாராமல், ஒன்றாக ஆடவிடும் முறை அது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் இளையோர் அகாடமிகள் சிலவற்றில் சோதித்திருக்கிறார்கள். மாவட்டவாரி, வகுப்புவாரி என்று பழகிய காதுக்கு இது உறுத்தாது.

மிஞ்சுவது ஏஜ் எக்விவலன்ட், கிரேடு எக்விவலன்ட் இரண்டும். ஒரு மதிப்பெண் எந்த வயதினரின், எந்த வகுப்பினரின் நடு மதிப்பெண்ணுக்கு நிகர் என்று காட்டும் எண்கள் இவை. நான்காம் வகுப்புப் பிள்ளை நான்காம் வகுப்புத் தேர்வில் '7.2' (ஏழாம் வகுப்பு, இரண்டாம் மாதம்) வாங்கினால், ஏழாம் வகுப்புப் பாடம் தெரியும் என்று பொருள் ஆகாது. அதே தேர்வை ஏழாம் வகுப்பினர் எழுதினால் நடுவில் நிற்பவர் எடுக்கக்கூடிய மதிப்பெண் அது, அவ்வளவே. வயதொப்பு, வகுப்பொப்பு என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன், மனநிறைவு இல்லை. பிள்ளையை இரண்டு வகுப்பு தாண்டி உட்கார வைக்கச் சொல்லிப் பெற்றோர் வந்து நிற்காதபடி ஒரு சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.