பொங்கல் கார்டில் புடவையை டிசைன் பேப்பரில் வெட்டி ஒட்டும்போது சுருங்குகிறது, ஓரம் வெள்ளையாகத் தெரிகிறது

மஞ்சள்கொத்து:

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பொங்கலுக்கு வாட்ஸ்அப் படம் அனுப்புவதற்குப் பதிலாகக் கையால் செய்த வாழ்த்து அட்டையைத் தபாலில் அனுப்பலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். படம் நானே வரைந்ததுதான். குனிந்து கோலம் போடுகிற ஒரு பெண், பக்கத்தில் பொங்கல் பானை, பின்னால் இரண்டு கரும்பு. புடவையும் பானையும் மட்டும் டிசைன் பேப்பரில் அதே வடிவத்துக்கு வெட்டி மேலே ஒட்டவேண்டும், மற்றதெல்லாம் வெறும் கறுப்புக் கோடாகவே இருக்கட்டும் என்பது திட்டம். இப்படி வெட்டி ஒட்டுவதற்குப் பெயரான பேப்பர் பீசிங் என்று தேடினால் அறுகோணத் துண்டுகளில் துணியைச் சுற்றித் தைக்கிற க்வில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை) வீடியோக்கள்தான் பாதி வருகின்றன, அதனால் இங்கே கேட்கிறேன்.

வெள்ளை கம் தடவி ஒட்டினால் காய்ந்ததும் பேப்பர் அலை அலையாக எழும்பி நிற்கிறது. வெட்டின ஓரம் முழுக்க மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறது, அடர் நிறத்தில் இன்னும் மோசம். எல்லாம் சரியாக வந்தாலும் புடவை புடவை மாதிரி இல்லை, ஏதோ சுவரில் பேப்பர் ஒட்டின மாதிரி தட்டையாக இருக்கிறது. ரப்பர் ஸ்டாம்ப் செட் எல்லாம் விலை அதிகம், வாங்கப் போவதில்லை. ஒரே படம் நிறைய கார்டுகளில் வரவேண்டும், அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள். அட்டை எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்கிற கனக் கணக்கு) எடுப்பது, தபாலுக்கு எடை எவ்வளவு வரும்?

கத்திரிக்காரர்:

ஸ்டாம்ப் தேவையே இல்லை, ஜெராக்ஸ் போதும். உங்கள் படத்தைக் கறுப்பு ஜெல் பேனாவில் நல்ல அழுத்தமான கோடாக வரைந்து, ஒரு ஏ4 தாளில் எத்தனை படம் அடங்குமோ அத்தனை அடுக்கி மாஸ்டர் பிரதி ஒன்று தயார் செய்யுங்கள். அதை ஒரு முறை வெள்ளை அட்டையிலும் ஒரு முறை டிசைன் பேப்பரிலும் அதே அளவில், அதாவது நூறு சதவீதத்தில், எடுத்தால் இரண்டும் அச்சாகப் பொருந்தும். கடையில் தடித்த அட்டை ஓடாது என்று சொன்னால் பக்கவாட்டு ட்ரேயில் ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள், 200 ஜிஎஸ்எம் வரை பெரும்பாலான மெஷின் இழுத்துக்கொள்ளும். வீட்டு இங்க்ஜெட்டில் எடுக்காதீர்கள், பெரும்பாலும் அதன் மை ஈரம் பட்டால் கரையும், கம் தொட்ட இடமெல்லாம் கறை. ஜெராக்ஸ் டோனர் சூட்டில் உருகிப் பிடிப்பது, அதற்கு அந்தப் பிரச்சினை கிடையாது. அதே சூட்டினால்தான் பிளாஸ்டிக் பூச்சு உள்ள கிஃப்ட் ராப், ஜிகினா பேப்பர் எதையும் மெஷினுக்குள் விடக்கூடாது, உருளையில் ஒட்டிக்கொண்டால் கடைக்காரர் உங்களைச் சும்மா விடமாட்டார்.

வெட்டுவதில் இரண்டு வழி. டிசைன் பேப்பரில் விழுந்த கறுப்புக் கோட்டையும் சேர்த்து வெட்டலாம், அப்போது கோடே ஓரமாகிவிடும். இல்லை, கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே வெட்டி, அட்டையில் இருக்கும் கோடு சுற்றிலும் தெரியும்படி ஒட்டலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், கை கொஞ்சம் ஆடினாலும் கீழே இருக்கிற கோடு மறைத்துவிடும். சின்னக் கத்தரிக்கோலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு பேப்பரைத்தான் திருப்பவேண்டும், நுனியால் கொத்தாமல் பிளேடின் அடிப்பாகத்தால் வெட்டுங்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவில் வரும் குழிவான இடங்களை முதலில் கட்டரால் எடுத்துவிடுங்கள், சுற்றிலும் பிடிக்கப் பேப்பர் இருக்கும்போதே அது சுலபம்.

வெள்ளை ஓரம் வருவது பேப்பரின் நடுப்பகுதி வெள்ளை என்பதால்தான். மேலே மட்டும்தான் நிறம் அச்சடித்திருக்கிறார்கள். வெட்டி முடித்ததும் அதே நிறக் கலர் பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து ஓரத்தை மட்டும் ஒரு தேய். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், முன்பக்கம் ஊறி வந்துவிடும்.

முந்தானை:

புடவை தட்டையாக இருப்பதற்குக் காரணம் அதை ஒரே துண்டாக வெட்டியிருப்பீர்கள். நிஜப் புடவையில் கொசுவத்தில் டிசைன் ஒரு திசையில் ஓடும், மாரில் சாய்ந்து ஓடும், முதுகில் விழும் முந்தானையில் வேறு திசை. அதே மாதிரி கொசுவம் ஒரு துண்டு, மேலே ஏறும் பாகம் ஒரு துண்டு, முந்தானை ஒரு துண்டு என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பேப்பரில் வேறு வேறு கோணத்தில் வைத்து வெட்டுங்கள். அதே பேப்பர்தான், ஆனால் கண் தானாகவே மடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். கோடு போட்ட டிசைனிலும் கட்டத்திலும் இது நன்றாகத் தெரியும், சிதறின பூ டிசைனில் அவ்வளவாகத் தெரியாது.

இன்னொன்று டிசைனின் அளவு. உங்கள் பெண் கார்டில் 6 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம், அதில் 2 சென்டிமீட்டர் ரோஜாப்பூ போட்ட பேப்பரை வைத்தால் ஒரு பூவும் அரைப் பூவும்தான் விழும், கர்ட்டனைச் சுற்றிக்கொண்டு கோலம் போடுவது மாதிரி இருக்கும். கடுகு அளவுப் புள்ளி, மெல்லிய கட்டம், ஊசிக் கோடு இவைதான் இந்த அளவுக்குச் சரி. அடர் சிவப்பில் வெள்ளைப் புள்ளி இருந்தால் பார்த்தவுடன் சுங்குடி. கடுகு மஞ்சளில் அரக்குக் கட்டம் கிடைத்தால் கண்டாங்கி. ஆளே வரைய வேண்டாம், புடவையே ஊரைச் சொல்லிவிடும்.

கரைக்குத் தனியாக மெல்லிய பட்டை வெட்டி வளைத்து ஒட்டப் பார்க்காதீர்கள், நேரான பட்டை வளைவில் படியாது. முழு வடிவத்தையும் முதலில் தங்க நிறப் பேப்பரில் வெட்டி ஒட்டுங்கள். அதன்மேல் டிசைன் பேப்பரை, கரை வரவேண்டிய பக்கத்தில் மட்டும் 2 மில்லிமீட்டர் குறைத்து வெட்டி ஒட்டினால் கரை தானாக வெளியே எட்டிப்பார்க்கும், எந்த வளைவிலும்.

அப்புறம், பானைக்கும் டிசைன் பேப்பர் வேண்டாம் என்பது என் கருத்து. புடவை, பானை இரண்டும் டிசைன் என்றால் எதைப் பார்ப்பது? பானை சாதாரணப் பழுப்புப் பேப்பரில் இருக்கட்டும், கழுத்தில் மஞ்சள்கொத்துக்கு மட்டும் ஒரு பச்சைத் துணுக்கு.

காகிதப்பித்தன்:

முந்தானை சொன்ன பானை விஷயத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். புதுச்சேரியில் கைக்காகிதத்தில் மார்பிள் செய்து விற்கிறார்களே, நீர்மேல் நிறத்தைக் கலைத்து எடுத்த அந்தச் சுழிசுழியான தாள், அதில் செங்காவி நிறம் ஒன்று எடுத்துப் பானை வெட்டிப் பாருங்கள், சுட்ட மண்ணில் புகை ஏறின மாதிரியே வரும். அது டிசைன் போலக் கண்ணைப் பறிக்காது. ஆனால் கைக்காகிதத்தில் நார் நீளம், மொட்டைக் கத்தரிக்கோலில் ஓரம் பஞ்சு பஞ்சாக எழும். புது பிளேடு போட்ட கட்டர்தான் அதற்கு.

டிசைன் பேப்பருக்குக் கிராஃப்ட் கடைக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கிப் போடாதீர்கள், உறையின் உள்பக்கத்தில் எவ்வளவு அருமையான சின்னச் சின்ன டிசைன் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதே இல்லை. தங்கக் கரைக்கு அதன் ஃபாயில் ஓரமே போதும். பிள்ளையார் படம் போட்ட பாகத்தை வெட்டாமல் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், வீட்டுப் பெரியவர்களிடம் திட்டு வாங்கவேண்டாம். காசு செலவழிக்கலாம் என்றால் ஜப்பானிய சியோகாமி தாள். கிமோனோத் துணி டிசைன்களைச் சின்ன அளவில் அச்சடித்தது என்பதால் உடுப்புக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது, ஓரிகாமி தாள் விற்கிற இடத்தில் 15 சென்டிமீட்டர் சதுரமாகக் கிடைக்கும். அந்த ஒரு சதுரத்தில் உங்கள் அளவுக்குப் பல புடவை வெட்டலாம்.

எந்த இடத்தை வெட்டுவது என்று முடிவெடுக்க ஒரு வழி. ஒரு தடித்த அட்டையில் புடவை வடிவத்தைக் கட்டரால் எடுத்துவிட்டு, ஓட்டை உள்ள அட்டையை டிசைன் பேப்பர் மேல் நகர்த்திக்கொண்டே பாருங்கள். ஓட்டைக்குள் எது நன்றாக விழுகிறதோ அங்கே பென்சிலால் கோடு. ஜெராக்ஸ் மெஷினில் விடமுடியாத பேப்பருக்கும் இதே அட்டைதான் வார்ப்பு. பின்பக்கத்தில் வைத்து வரைவதாக இருந்தால் அட்டையைத் திருப்பிப் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் பெண் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்பாள்.

பசைப்பாட்டி:

எல்லோரும் வெட்டுவதைப் பற்றியே சொல்கிறீர்கள், அந்தப் பெண் முதலில் கேட்டது ஒட்டுவதைப் பற்றி! கண்ணு, வெள்ளை கம்மில் தண்ணீர் அதிகம். பேப்பர் அந்தத் தண்ணீரைக் குடித்து உப்பும், காயும்போது சுருங்கும், அட்டை அதே அளவு உப்பாது, அதனால்தான் அலை. அதிலும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உப்பாது, நார் ஓடும் திசைக்குக் குறுக்கேதான் அதிகம். ஒரு துணுக்கைக் கிழித்துப் பார், நேராகக் கிழிகிற பக்கம்தான் நார் ஓடும் திசை. அட்டைக்கும் அதையே பார்த்து, நார் ஓடும் பக்கமாகவே மடிப்பு வரும்படி வெட்டினால் மடிப்பு வெடிக்காது.

சின்னத் துண்டுக்கு க்ளூ ஸ்டிக் போதும். பழைய பத்திரிகைத் தாள்மேல் துண்டைக் கவிழ்த்து வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்துத் தடவி, ஒட்டினதும் மேலே பட்டர் பேப்பர் வைத்து விரலால் தேய்த்து, கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி விட்டுவிடு. நிறைய கார்டு என்றால் ஏ4 அளவில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற ஷீட் விற்கிறது, டிசைன் பேப்பரின் முதுகில் அதை முதலிலேயே ஒட்டிவிட்டு அப்புறம் வடிவங்களை வெட்டு. ஓரம் வரை பசை இருக்கும், ஈரம் துளியும் இல்லை. ஆனால் வைத்தது வைத்ததுதான், நகர்த்தமுடியாது, அதனால் ஒரு மூலையை மட்டும் உரித்துப் பொருத்திப் பார்த்துவிட்டு மீதியை உரி. வெள்ளை கம்தான் கையில் இருக்கிறது என்றால் பல்குத்தும் குச்சி நுனியால் புள்ளி புள்ளியாக வைத்து, பளபளப்பு அடங்கின பிறகு ஒட்டு. மழை நாளில் இந்த வேலையே வேண்டாம்.

மஞ்சள்கொத்து:

பாட்டி, அண்ணன், அக்கா எல்லோருக்கும் நன்றி. இரட்டை ஷீட் வாங்கிவிட்டேன், புடவையை மூன்று துண்டாகப் பிரித்து வரைந்தும் விட்டேன். பானை சண்டையில் யார் பக்கம் என்று நாளைக்கு முடிவு செய்கிறேன். அட்டை ஜிஎஸ்எம், தபால் எடை இரண்டும் யாரும் சொல்லவில்லையே? பானையை ஃபோம் டேப்பில் தூக்கி நிறுத்தலாமா?

கத்திரிக்காரர்:

300 ஜிஎஸ்எம் ஏ4 அட்டை ஒன்று ஏறக்குறைய 19 கிராம். அதைப் பாதியாக வெட்டி மடித்தால் ஏ6 கார்டு, 9 கிராம் சொச்சம், உறை நாலைந்து கிராம், ஒட்டின பேப்பரெல்லாம் சேர்ந்து ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கூட. சாதாரணத் தபாலின் முதல் படி 20 கிராம் வரை, அதற்குள் வசதியாக அடங்கும். முழு ஏ4 மடித்த பெரிய கார்டு என்றால் தாண்டிவிடும். ஆனால் ஜெராக்ஸில் விடப்போகிறீர்கள் என்பதால் 200 தான் பத்திரம். கார்டு தொளதொள என்று இருந்தால் மேல் அட்டையைத் தனியாக அச்செடுத்து, மடித்த 300 அட்டையின் முகத்தில் சற்றுச் சின்னதாக வெட்டி ஒட்டுங்கள், ஓரத்தில் ஒரு கலர் சட்டமும் கிடைக்கும். எடை 20க்குள்தான் வரும், இருந்தாலும் ஒன்றைச் சமையலறைத் தராசில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மடிப்பை ஒட்டுவதற்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். மை தீர்ந்த பால் பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்தி இழுத்து மடித்தால் கத்தி மாதிரி விழும். ஃபோம் டேப் கையில் கொடுக்கிற கார்டுக்கு மட்டும். தபாலில் முத்திரை குத்துகிற இடத்திலும் கட்டுக்கட்டும்போதும் அமுங்கிப் பானை சப்பையாகிவிடும், அந்தத் தடிப்பு உறையில் புடைத்து ஓரமும் கிழியும்.