இந்த மஞ்சள் எறும்பு அனியூரிட்டஸ் தானா? பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். எறும்பு தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். இரத்தினபுரி கிலிமலேயில் உறவினர் தோட்டத்தை ஒட்டிய காட்டோரத்தில், உக்கிப்போன சுள்ளி ஒன்றுக்குள் இந்தக் கூட்டம் இருந்தது. மஞ்சள் நிறம், ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளம். நடுவே பெரிய தலையோடு ஒன்றிரண்டு.

அனியூரிட்டஸ் சிமோனியாக இருக்குமோ என்று ஓர் ஆசை. 1893இல் எறும்பு ஆய்வாளர் எமெரி விவரித்த, இலங்கைக்கே உரிய எறும்பு. அதன் துணைக்குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பது இது மட்டும்தான். மற்ற உறவுகளெல்லாம் புதைபடிவங்கள். 1955இல் எறும்பு ஆய்வாளர் ஈ. ஓ. வில்சன் இதைத் தேடிப் பிடித்ததும் கிலிமலேயில்தான், அதனால்தான் இவ்வளவு ஆசை!

சந்தேகம் இடுப்பில்தான். ஃபைடோலி எறும்புகளிலும் பெருந்தலை உண்டு, மஞ்சள் நிறமும் உண்டு. ஆனால் அவற்றுக்கு இடுப்புக்கணு (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள முடிச்சு) இரண்டு. அனியூரிட்டஸுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் முன்பக்கம் நீண்ட காம்போடு. என் பக்கவாட்டுப் படத்தில் காம்பு மாதிரி ஒன்று தெரிகிறது, நெஞ்சின் பின்முனையில் இரண்டு முட்களும் தெளிவு. அப்புறம் வருவது இரண்டாவது கணுவா, வயிற்றின் தொடக்கமா என்பதுதான் பிடிபடவில்லை.

அனுமதியில்லாமல் மாதிரி எடுக்கக் கூடாது என்பதால் சுள்ளியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். கைபேசி மேக்ரோ லென்ஸில் கணு தெளிவாக விழ எந்தக் கோணம் நல்லது? விவரக்குறிப்பு எழுத முள், கணு, உணர்கொம்பு தவிர வேறு எதைக் கவனிக்க வேண்டும்? எறும்பு ஆய்வாளர்கள் யாரையாவது தெரிந்தால் டேக் செய்யுங்கள். சரியான இடத்தை இன்பாக்ஸில் தருகிறேன்.