அப்புச்சி எடுத்த கோயமுத்தூர்ப் படங்கள்: எந்த வீதி, எந்த வருஷம்?

அன்னூர்க்காரி:
எல்லோருக்கும் வணக்கமுங்க. எங்க அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, கோயமுத்தூரில் மில் வேலைக்குப் போனவர். போன வாரம் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து கொடுத்தார். வேட்டிகளுக்கு அடியில் ஒரு மஞ்சள் பையில் ஒன்பது கறுப்பு வெள்ளைப் படங்கள். லீவு நாளில் யாரிடமோ கேமரா இரவல் வாங்கி எடுத்தாராம். வீட்டு ஆட்கள் ஒன்றில்கூட இல்லை. வீதி, பாலம், கட்டடம், அவ்வளவுதான்.

இரண்டு படங்கள் பிடிபடவில்லை. ஒன்று கடைவீதி. காப்பிக் கடை வாசலில் கரும்பலகை, அதில் 'காப்பி 12 ந.பை.' என்று சாக்பீஸ் எழுத்து. இன்னொன்று பாலத்தின் மேல் நின்று எடுத்தது. பாலம் முடிந்ததும் சாலை கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிகிறது. வலது ஓரத்தில் மங்கலாக மலை.

டவுன்ஹால் படம் மட்டும் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுக்கலாமா?

ராஜவீதி:
அம்மணி, முதலில் அதைப் பிய்க்காதீங்க! ஈரம் பட்டு இளகிய மேல்பூச்சுதான் கண்ணாடியில் பிடித்திருக்கிறது. இழுத்தால் படம் கண்ணாடியோடு போய்விடும், தாள்தான் கையில் மிஞ்சும். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் பண்ணிவிடுங்க, 600 டிபிஐக்குக் குறையாமல். படங்களின் பின்பக்கம் பேனாவால் எதுவும் எழுத வேண்டாம். மென்மையான பென்சில் போதும். அந்த டவுன்ஹால் 1892இல் கட்டியது, இன்றும் நிற்கிறது. அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்துப் பக்கத்தில் வையுங்க.

அந்தக் கரும்பலகை பெரிய சாட்சி. 'ந.பை.' என்றால் நயா பைசா. 1957 ஏப்ரலில் வந்தது, 1964இல் 'நயா' போய் வெறும் பைசா ஆனது. ஆக அந்த ஏழு வருஷத்துக்குள்தான் படம். இன்னும் ஒன்று: பழைய இரண்டணா கணக்குப்படி பன்னிரண்டரை நயா பைசா, மாற்றும்போது அரையை விட்டு 12 என்று வைத்துக்கொண்டார்கள். அணாவில் விற்ற காப்பியை அப்படியே மாற்றி எழுதியிருக்கிறார்கள். அதனால் 1957ஐ ஒட்டித்தான் இருக்கும் என்பது என் கணக்கு. பக்கத்துக் கடைப் பலகையை லென்ஸ் வைத்துப் பாருங்க.

நொய்யல்கரை:
பாலம் ஆத்துப்பாலம்தானுங்க, சந்தேகமே வேண்டாம். உக்கடத்திலிருந்து தெற்கே வந்து நொய்யலைத் தாண்டினால் வலது கை பாலக்காட்டு ரோடு, இடது கை பொள்ளாச்சி ரோடு. மலை வலது பக்கம் தெரிகிறது என்றால் அது மேற்கு, எல்லாம் பொருந்துகிறது. உக்கடம் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். இப்போது அந்தக் கவட்டையை உங்க அப்புச்சி பார்த்த மாதிரி பார்க்க முடியாது. நான் ஆயிரம் தடவை சைக்கிளில் போன பாலம், ஒரு படம் எடுக்கத் தோன்றவில்லை. தயவுசெய்து பெரிதாக ஸ்கேன் செய்து போடுங்க.

அன்னூர்க்காரி:
கண்ணாடியைத் தொடவில்லைங்க. லென்ஸில் பார்த்தேன்: பக்கத்துப் பலகையில் 'வெரைட்டி ஹா' வரைக்கும் தெரிகிறது, மீதியை ஒரு மாட்டுவண்டிக் கூண்டு மறைக்கிறது.

ராஜவீதி:
அப்போ வெரைட்டி ஹால் ரோடு! சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கட்டிய தியேட்டரால் வந்த பேர். ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டியவர், கடைசியில் இங்கே நிலையாகக் கொட்டகை கட்டினார். அதுதான் பின்னாளில் டிலைட் ஆனது.

அன்னூர்க்காரி:
அம்மிச்சியிடம் 'டிலைட்' என்றதும் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். கல்யாணமான புதிதில் அங்கே படம் பார்க்கப் போனார்களாம். இடைவேளையில் அப்புச்சி வெளியே போய் ஒரு டம்ளர் காப்பி வாங்கி, துண்டால் மூடி எடுத்து வருவாராம். அது இந்தக் கடைதானா என்று கேட்டேன். பலகையை விட்டுவிட்டு, வாசல் படியில் விரலை வைத்து, "மூணு படி. இதேதான் கண்ணு" என்றார்.

ஒன்பதையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஸ்கேன் செய்து போடுகிறேன்.